ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் கேட்கிறேன்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது அண்ணா என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "கவிதை வேணாம்டா. அந்த சோப்பு டப்பா கதையை எழுது" என்றார். டிபார்ட்மென்ட் எக்ஸிபிஷன் அன்று என் மேஜைக்கு முன்னால் நின்று சிரித்தவர்களில் அவரும் ஒருவர். எனவே எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் செய்து வைத்தது ஒரு கையடக்க வீடியோ கேம். பெரிய சோப்பு டப்பா ஒன்றில் சின்ன திரை, ஆறு பட்டன், ஒரு பஸ்ஸர். உள்ளே ஒரு நானோ போர்டு. விளையாட்டு, நம் எல்லோருக்கும் தெரிந்த பாம்பு விளையாட்டு. சிறப்பு விருந்தினர் ஆசையாகக் கையில் எடுத்தார். பாம்பு ஓடியது. முதல் இரையைத் தின்றது. பஸ்ஸர் 'கீ' என்றது. உடனே திரை இருண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இன்னொரு முறை முயன்றார். மறுபடி 'கீ', மறுபடி இருட்டு. மூன்றாவது தடவை அவரே புன்னகையோடு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "குட் எஃபர்ட்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் பக்கத்து மேஜைக்குப் போனார். அங்கே கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும் ரோபோ ஒன்று சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. முதல் பரிசு அதற்குத்தான். அது எந்தக் கடையில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களில் பாதிப் பேருக்கும் தெரியும். பொறாமையில் சொல்கிறேன் என்றால் ஆமாம், கொஞ்சம் பொறாமைதான்.

ஆனால் நான் எழுத வந்தது அந்தப் பரிசைப் பற்றி அல்ல. ஐந்து வாரத்தில் அந்த டப்பா எனக்குக் காட்டிய பழுதுகள் எட்டோ ஒன்பதோ இருக்கும். ஒவ்வொன்றிலும் எங்கள் பாடத்தில் ஒரு வரி ஒளிந்திருந்தது. அதில் ஒன்றுக்குக்கூட நம் ரெக்கார்டு நோட்டில் எழுத இடம் இல்லை! நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு. இந்த ஐந்து தலைப்புக்குள் "வேலை செய்யவில்லை, ஏனென்றால்..." என்று எழுத எங்கே இடம்? அந்த ஒரு பக்கத்தைத்தான் கேட்கிறேன்.

என் வீட்டைப் பற்றி இரண்டு வரி. இருப்பது திருமுல்லைவாயலில். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போவார். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். "எங்க வீட்டு இன்ஜினீயர்" என்று அம்மா தெருவில் சொல்லும்போது, "டிப்ளமோதான்மா" என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். விளையாட்டுப் பெட்டிக்கான பணம் அம்மா சீட்டு எடுத்ததில் ஒதுக்கிக் கொடுத்த 1,200 ரூபாய். "காலேஜ்ல கட்டணும்" என்றுதான் வாங்கினேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஆவடி வண்டியில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தே போனேன். அந்தத் தெருவை முதல் முறை பார்க்கும் நம்மைப் போன்றவனுக்கு அது திருவிழாதான். ஒரு கடையில் நானோ போர்டு (காப்பி போர்டுதான், அசலுக்கு வசதி ஏது?), இன்னொன்றில் 1.3 அங்குல ஓ.எல்.இ.டி. திரை, பிரெட் போர்டு, பட்டன், பஸ்ஸர், 9 வோல்ட் சதுர பேட்டரி. திரைக்குள் எந்த ஐ.சி. இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார் கடைக்காரர். இந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு வாரத்தைத் தின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பழுது சிரிப்புக்குரியது. போர்டை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவரை ஏற்றினேன், இறக்கினேன், போர்டே போச்சு என்று முடிவுகூடக் கட்டினேன். கடைசியில் பார்த்தால், நான் போட்ட கேபிள் சார்ஜ் ஏற மட்டும் செய்த கேபிள். உள்ளே டேட்டா வயரே இல்லை!

இரண்டாவது, திரை எரியவில்லை. இதற்கு நான்கு நாள். திரைக்கும் போர்டுக்கும் இடையே பேசிக்கொள்ள இரண்டே வயர். எந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கும் சின்ன புரோகிராம் ஒன்று உண்டு. அதை ஓட்டினேன். ஒரு கதவிலும் ஆள் இல்லை. வயரை மாற்றினேன், புரோகிராமை மாற்றினேன், செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். வீடியோவில் எல்லோருக்கும் எரிகிறது. எனக்கு மட்டும் எரியவில்லை.

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஆவடி மார்க்கெட் பக்கம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் செய்கிறார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவர் கடையில் ஒரு 'சீரீஸ் பல்பு' உண்டு. ரிப்பேருக்கு வந்த மிக்ஸியை நேராகக் கரண்டில் போடாமல், ஒரு குண்டு பல்பு வழியாகப் போடுவார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். எங்கேயோ வயர் அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது. மிக்ஸியைத் திறப்பதற்கு முன்பே பாதி விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். நாம் வகுப்பில் தொடர் இணைப்புக்குக் கணக்குப் போடுகிறோம். அவர் அதை வைத்துச் சோறு சாப்பிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை என் பிரெட் போர்டை அவரிடம் எடுத்துப் போனேன். திரை என்ன, புரோகிராம் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "மாப்ள, கரண்டு எதுவரைக்கும் வந்துச்சு?" என்றார்.

"போர்டு லைட்டு எரியுதே மாமா."

"அது போர்டுக்கு வந்துச்சு. திரை காலுக்கு வந்துச்சான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. மல்டிமீட்டரை வைத்தார். போர்டின் காலில் 5 வோல்ட். திரையின் காலில் பூஜ்ஜியம். இரண்டுக்கும் நடுவில் பிரெட் போர்டின் ஓரத்துச் சிவப்புக் கோடு மட்டும்தான். அந்தக் கோட்டை உற்றுப் பாருங்கள் நண்பர்களே. நீளமான பிரெட் போர்டு சிலவற்றில் அது நடுவில் ஒரு இடத்தில் விட்டுப் போயிருக்கும். உள்ளே இருக்கும் தகடும் அந்த இடத்தில் இரண்டு துண்டு. நான் பாதிக் கோட்டுக்குக் கரண்ட் கொடுத்து, மறுபாதியில் திரையைச் செருகியிருந்தேன். ஒரு சின்ன வயரால் இரண்டு பாதியையும் சேர்த்ததும் கதவைத் தட்டினால் ஆள் குரல் கொடுத்தார். நான்கு நாள் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன், அது பாவம்!

ஆள் இருந்த முகவரி 3சி. திரையின் முதுகில் அச்சடித்திருந்ததோ 78. இதிலும் ஒரு மாலைப்பொழுது போயிற்று. இரண்டும் ஒரே முகவரிதான். எட்டு பிட்டில் கடைசி பிட் எழுதவா, படிக்கவா என்று சொல்வதற்கு. அதையும் சேர்த்துச் சொன்னால் 78, சேர்க்காமல் சொன்னால் அதில் பாதி, 3சி. ஹெக்ஸாடெசிமலில் இரண்டால் வகுக்க எனக்கு அன்றுதான் உண்மையாக வந்தது. பரீட்சையில் ஏற்கெனவே அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

திரை எரிந்தது. ஆனால் எழுத்தெல்லாம் இரண்டு புள்ளி பக்கவாட்டில் நகர்ந்து நின்றது. ஓரத்தில் பழைய டி.வி. போலப் புள்ளிப் புள்ளியாகக் குப்பை. இங்கேதான் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" வருகிறது. 0.96 அங்குலத் திரையில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. 1306 என்ற ஐ.சி. இருக்கும். 1.3 அங்குலத் திரையில் பெரும்பாலும் இருப்பது எஸ்.எச். 1106. இது 132 வரிசைக்கு நினைவகம் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ 128. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு மறைவில் இருக்கும். முதல் ஐ.சி.க்கு எழுதின புரோகிராமை இதற்குப் போட்டால் இரண்டு புள்ளி நகரத்தான் செய்யும். லைப்ரரியை மாற்றினேன், சரியாகிவிட்டது. கடைக்காரர் மேல் கோபம் இல்லை. டேட்டா ஷீட்டைப் பார்க்காமல் வாங்கியது யார்?

அடுத்து வந்ததுதான் பெரியது. என் 350 ரூபாயைத் தின்றதும் அதுதான்.

சோதனைப் புரோகிராம் போட்டால் திரை எரிகிறது. என் பாம்பு விளையாட்டைப் போட்டால் இருட்டு. சோதனை போட்டால் வெளிச்சம், விளையாட்டு போட்டால் இருட்டு. அடிக்கடி கழற்றி மாட்டியதில் திரையில் லூஸ் கனெக்ஷன் ஆகியிருக்கும் என்று நினைத்து, இன்னொரு திரை வாங்கிவிட்டேன். பஸ் பாஸ் புதுப்பிக்க வைத்திருந்த காசும் இரவல் வாங்கியதும் சேர்ந்த தொகை அது. புதுத் திரையும் அதே மாதிரி இருண்டு நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்தொன்பது வயதாகப் போகிறவன் இதை எழுத வெட்கப்பட வேண்டும், ஆனால் நடந்தது அதுதான்.

கணக்கைப் பாருங்கள். நானோவில் இருக்கும் ஏ.டி.மெகா 328 சிப்பின் ராம் 2,048 பைட். திரை 128க்கு 64, அதாவது 8,192 புள்ளி. புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 1,024 பைட். திரைக்கு மட்டும் பாதி ராம் போய்விட்டது! பாம்பின் உடம்புக்கு நான் 200 இடம் ஒதுக்கியிருந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் குறுக்கே ஒரு எண், நெடுக்கே ஒரு எண். இரண்டையும் 'இன்ட்' என்று அறிவித்திருந்தேன். இன்ட் என்றால் இந்தச் சிப்பில் 2 பைட். ஆக 800 பைட். லைப்ரரிகளுக்கு நானூற்றுச் சொச்சம். கம்பைல் செய்யும்போது கம்ப்யூட்டர் என்ன சொன்னது தெரியுமா? நினைவகத்தில் சுமார் 60 சதவீதம்தான் செலவு என்று. ஏனென்றால் திரைக்கான 1,024 பைட்டை லைப்ரரி அப்போது கேட்பதில்லை. போர்டு ஓட ஆரம்பித்த பிறகுதான் கேட்கிறது. கேட்கும்போது இடம் இல்லை. இடம் இல்லை என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும்படி லைப்ரரியின் மாதிரிப் புரோகிராமிலேயே வைத்திருந்தார்கள். அந்த வரியைத் தேவையில்லை என்று அழித்தவன் நான்தான்!

128க்கு 64 திரையில் எந்த எண்ணும் 255ஐத் தாண்டாது. அதற்கு ஒரு பைட் போதும். எல்லா 'இன்ட்'டையும் 'பைட்' ஆக்கினேன். பாம்பின் நீளத்தையும் 150 ஆகக் குறைத்தேன். திரை எரிந்தது, பாம்பு ஓடியது. இரவு பதினொன்றரைக்கு நான் போட்ட சத்தத்தில் அப்பா எழுந்து வந்து, "இன்னாடா ஆச்சு?" என்றார். "ராம் பத்தலைப்பா" என்றேன். ஒன்றும் புரியாமல், ஆனால் சந்தோஷமாக, போய்ப் படுத்தார்.

பட்டன் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஒரு முறை யாரும் தொடாமலே பாம்பு திரும்பியது, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. போர்டின் கால் அந்தரத்தில் தொங்கினால் அப்படித்தான். உள்ளே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை இயக்கியதும் அடங்கியது. இன்னொன்று, நாலு கால் பட்டனில் கால்கள் இரண்டிரண்டாக உள்ளுக்குள்ளேயே சேர்ந்திருக்கும். பட்டனைக் கால் வட்டம் திருப்பிச் செருகினால், அழுத்தாமலே அழுத்தின கதைதான்.

இத்தனையும் தாண்டி, கம்ப்யூட்டர் கேபிளில் அருமையாக ஓடிய பெட்டியை, எக்ஸிபிஷனுக்கு முந்தின இரவு சோப்பு டப்பாவுக்குள் வைத்து 9 வோல்ட் பேட்டரியை மாட்டினேன். பேட்டரியில் சோதித்துப் பார்க்கவில்லை. மறுநாள் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே!

பரிசளிப்பு முடிந்த சாயங்காலம் நேராக மாமா கடைக்குப் போனேன். பேட்டரியை அளந்து காட்டினேன். எட்டே முக்கால் வோல்ட். "நல்லாத்தானே இருக்கு மாமா?"

"சும்மா இருக்கும்போது அளந்தா எல்லாரும் நல்லவன்தான் மாப்ள. வேலை குடுத்து அளந்து பாரு."

பெட்டியை ஓடவிட்டு, பஸ்ஸர் அடிக்கும் நேரத்தில் அளந்தோம். முள் மீட்டரில் முள் ஆறுக்குக் கீழே விழுந்து எழுந்தது. நானோ போர்டின் ரெகுலேட்டர் 5 வோல்ட் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளே 7 வோல்ட்டாவது வர வேண்டும். அந்தச் சின்ன சதுர பேட்டரியின் உள் மின்தடை அதிகம். கரண்ட் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் வோல்ட் படுத்துவிடும், சிப் மயங்கி விழுந்து மறுபடி முதலிலிருந்து எழும். உள் மின்தடை! முதல் வருஷ இயற்பியலில் இரண்டு மார்க் கேள்வி. நான் சரியாக எழுதியிருந்தேன். பெட்டிக்குள் அதுதான் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

மூன்று பென்சில் செல்களைத் தொடராக வைத்து, நாலரை வோல்ட்டை ரெகுலேட்டர் வழியாக விடாமல் நேரே 5 வோல்ட் காலுக்குக் கொடுத்தோம். ஓடியது. இன்றுவரை ஓடுகிறது. 1989இல் வந்த நின்டெண்டோ கேம் பாயும் நாலு பென்சில் செல்லில்தான் ஓடியது என்று பிறகு படித்தபோது எனக்கு ஒரு தனி மரியாதை வந்தது. அதைச் செய்த குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். 1965இல் அவர் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது பொம்மை வடிவமைக்க அல்ல, சீட்டுக்கட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிக்க! அதாவது, நம் ஊர்க் கணக்கில், மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்.

இப்போது ரெக்கார்டு நோட்டுக்கு வருகிறேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் செமஸ்டரில் டையோடு பண்புக் கோடு சோதனை செய்தோமல்லவா? என் மேஜை மில்லி அம்மீட்டரின் முள் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. நேரம் முடியப் போகிறது. சீனியர் அண்ணன் நோட்டிலிருந்து அளவுகளை எடுத்து எழுதினேன். அங்கங்கே ஒன்றிரண்டு எண்ணை மாற்றினேன், திருடனுக்கும் ஒரு தொழில் நேர்த்தி வேண்டுமே! வரைபடம் 0.7 வோல்ட்டில் அழகாக வளைந்தது. பத்துக்கு ஒன்பது. ஓடாத மீட்டரில் வரைந்த கோட்டுக்கு ஒன்பது மார்க். ஐந்து வாரம் ராத்திரி தூங்காமல் கண்டுபிடித்த ஒன்பது பழுதுக்கு 'குட் எஃபர்ட்'.

அந்த மீட்டர் அடுத்த பேட்ச் மாணவன் மேஜைக்கும் அப்படியேதான் போயிருக்கும். முள் ஒட்டுகிறது என்று நான் எங்கேயும் எழுதவில்லையே. அவனும் யாருடைய நோட்டையோ பார்த்துத்தான் எழுதியிருப்பான்.

அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற பெரிய கணிப்பொறி 1947 செப்டம்பர் 9 அன்று தகராறு செய்தது. தேடிப் பார்த்தவர்கள், எஃப் பேனலில் 70ஆம் ரிலேயில் ஒரு அந்துப்பூச்சி சிக்கிக் கிடப்பதைக் கண்டார்கள். என்ன செய்தார்கள்? பூச்சியை எடுத்து, அன்றைய பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, உண்மையிலேயே பூச்சி ஒன்றைப் பிடித்த முதல் சம்பவம் என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார்கள். பழுதுக்கு 'பக்' என்ற பெயர் அதற்கு முன்பே உண்டு. எடிசன் 1878லேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார். பூச்சி ஒட்டிய அந்த நோட்டு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் லேபாக இருந்தால் பூச்சியைத் தட்டிவிட்டு, பக்கத்து மேஜை அளவைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கி, வீட்டுக்குப் போயிருப்போம்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கோவை ஜி.டி. நாயுடு ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றாமல் அதைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிக் கற்றுக்கொண்டார். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவர்தான். நம்மைப் போன்ற பாலிடெக்னிக் மாணவர்களுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், பிரித்துப் பார்த்துப் படித்தவர்.

வேலைக்குப் போகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை ஓடியது. நாம் சின்ன வயதில் பெரியவர்கள் போனைப் பிடுங்கி விளையாடினோமே, அந்தப் பாம்பு விளையாட்டு 1997இல் நோக்கியா 6110 போனில்தான் முதலில் வந்தது. எழுதியவர் பின்லாந்துக்காரர் டானெலி அர்மான்டோ. பூந்தமல்லியில் இருக்கும் என் பெரியம்மா மகள் அக்கா அந்தப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை செய்கிறார். டெஸ்டில் தேறாத போர்டைத் தூக்கிப் போட மாட்டார்களாம். தனித் தட்டில் வைத்து, என்ன கோளாறு என்று எழுதி, ரிப்பேர் மேஜைக்கு அனுப்புவார்களாம். "அந்த மேஜையில உக்காந்திருக்கிறது எல்லாம் டிப்ளமோ பசங்கதான்டா" என்றார். அப்பா வேலை செய்யும் பிரஸ் ஷாப்பிலும் ரிஜெக்ட் ஆன பொருளைச் சிவப்பு டப்பாவில் போட்டு, காரணம் எழுதிச் சீட்டு கட்ட வேண்டும். காரணம் எழுதாத ரிஜெக்ஷனுக்குத்தான் சூப்பர்வைசர் திட்டுவாராம்.

இதை வகுப்பில் பேசியபோது எதிர்ப்பும் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். "அறுபது பேர், பன்னிரண்டு கிட், மூன்று மணி நேரம். இதில் பழுது வேறு தேடினால் சிலபஸ் எப்போது முடியும்?" என்றார் ஒரு சார். நியாயம்தான். "எக்ஸ்டர்னல் வந்து அவுட்புட் எங்கேன்னு கேட்பார், பூச்சியையா காட்டுவ?" என்றான் என் நண்பன். அதுவும் நியாயம்தான். கடையில் ப்ராஜெக்ட் வாங்குகிறவனை நான் முழுசாகத் திட்டவும் மாட்டேன். ஒரு அரியர் விழுந்தால் என் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அரியர் என்றால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் "உனக்குப் படிப்பு வரல, எஸ்டேட்டுக்கு வா" என்று சொல்ல நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். அதனால்தான் நாம் தப்பைக் காட்டவே பயப்படுகிறோம். முதலில் படிக்க வந்தவன் தோற்பதற்கு உரிமை இல்லாதவன் மாதிரி நடந்துகொள்கிறோம். அந்தப் பயம்தான் சீனியர் நோட்டைக் கேட்டு வாங்க வைக்கிறது. பழுதை எழுதினாலும் மார்க் உண்டு என்றால், பத்தில் இரண்டே மார்க் என்றாலும், அந்தப் பயம் பாதி குறையும்.

எனவே நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் பின்னால் ஒரு பக்கம். என்ன நடக்கவில்லை, எங்கே தேடினேன், எது காரணம். காரணம் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதலாம். செமஸ்டருக்கு ஒரே ஒரு லேப் வகுப்பில், சார் முன்கூட்டியே ஒரு வயரை எடுத்துவிட்டு, கண்டுபிடி என்று சொல்லட்டும். எலெக்ட்ரீஷியன் டிரேடு படிக்கும் ஐ.டி.ஐ. நண்பர்களுக்கு வயரிங்கில் பழுது தேடுவது பயிற்சியாகவே உண்டு, நமக்கு மட்டும் ஏன் கூடாது? கெட்டுப்போன மீட்டர்களின் பெயர் எழுத லேப் வாசலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட பேரவை ஏற்பாடு செய்தால், முதல் வரியாக அந்த மில்லி அம்மீட்டரை நானே எழுதுகிறேன். முள் ஒட்டுகிறது, தேதி ஒன்றரை வருஷத்துக்கு முந்தியது.

பேரவை அறையில் சனிக்கிழமை மதியம் ஒரு மேஜை கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓடாத ப்ராஜெக்ட் வைத்திருப்பவர்கள் எடுத்து வரலாம். மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது, மாமாவிடம் கடன் வாங்கியது. ஓடுகிற ப்ராஜெக்ட் வேண்டாம்.

சோப்பு டப்பா இப்போது என் தம்பி கையில். ஆறாவது படிக்கிறான். போன வாரம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்தான், கண்ணில் தண்ணீர். "அண்ணா, 255 எடுத்தேன்ணா. அடுத்தது தின்னதும் 4னு காட்டுது!" பாம்புக்கு ஒரு இரைக்கு ஐந்து மதிப்பெண். எல்லா 'இன்ட்'டையும் 'பைட்' ஆக்கிய அந்த ராத்திரி, உற்சாகத்தில் ஸ்கோரையும் பைட் ஆக்கியிருக்கிறேன். 255க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 260லிருந்து 256 போக மீதி 4. மாற்ற ஒரு நிமிஷ வேலைதான். இன்னும் மாற்றவில்லை. முதலில் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தேதி போட்டு, எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு